மதிலோரத் தீர்ப்புகள்

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்து மதிலோரத்தில் நாங்கள் ஆறேழு பேர் நின்றிருந்தோம். சில வருடங்களுக்கு முந்திய ஒரு மார்ச் மாதம். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான 'வடக்கின் போர்' கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி நாள். ஒரு பையன் ஆட்டமிழந்து, துடுப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலைகுனிந்து திரும்பி நடந்துகொண்டிருந்தான். எந்தக் கல்லூரிப் பையன் என்று நான் எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணத்தில் கல்லூரியைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி.

அவன் எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்குள் மதிலோரத்தில் வழக்கு விசாரணை தொடங்கிவிட்டது.

"நான் அப்பவே சொன்னனான். உவன் பிறக்ரிஸிலை சிங்கம். பிக் மட்ச் எண்டால் பூனை."

"போன வருசமும் உப்பிடித்தானே. ரென்சன் தாங்கமாட்டான்."

"என்ன கதை கதைக்கிறியள்? மற்றப் பக்கத்திலை நிண்டு பிடிக்க ஒருத்தனும் இல்லாமல் அவன் தனிய என்ன செய்யிறது?"

மூன்றாவதாகப் பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பது அவர் குடையைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. முதலாமவர் கனடாவிலிருந்து இந்த ஆட்டத்தைப் பார்க்கவென்றே லீவு போட்டு வந்தவர். இரண்டாமவர் ஓட்டோக்காரர். ஓட்டோவை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் விட்டுவிட்டு, அன்றைய உழைப்பையும் விட்டுவிட்டு வந்திருந்தார். மூவருக்கும் முன்பின் அறிமுகம் கிடையாது. ஆனாலும் ஒரே குடும்பத்துக்காரர் மாதிரிச் சண்டை பிடித்தார்கள்.

என் பக்கத்தில் என் நண்பன் நின்றான். அவன் வாயே திறக்கவில்லை. அவன் ஏன் பேசவில்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த ஆட்டத்தைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மத்திய கல்லூரியின் வேர் 1816இல் வெஸ்லியன் மிஷனரிமார் தொடங்கிய பள்ளிக்கூடம். பரியோவான் கல்லூரி 1823இல் சேர்ச் மிஷன் சங்கத்தார் தொடங்கியது. இரண்டும் முதன்முதலாக மோதிக்கொண்டது 1904இல். யுத்தத்தால் இடையில் சில வருடங்கள் நடக்காமல் போயிருக்கிறதே தவிர, வழக்கம் அறுந்துபோகவில்லை. சென். பற்றிக்ஸ் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடும் 'பொன் அணிகளின் போர்' இன்னொன்று. இங்கே கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். ஆடுகிறவர்களுக்குப் பதினாறிலிருந்து பத்தொன்பது வயது. வருடத்திற்கு ஒரு தடவை, இரண்டு மூன்று நாட்கள். ஒரு பையனுக்கு அவன் வாழ்நாளில் இரண்டோ மூன்றோ தரம்தான் அந்த வாய்ப்புக் கிடைக்கும். சதம் அடித்தவனை நாற்பது வருடம் கழித்தும் கலியாண வீட்டில் கைகாட்டி அறிமுகப்படுத்துவார்கள். பிடியைத் தவறவிட்டவனையும் அப்படியே.

நான் படித்த பள்ளிக்கூடம் அந்தப் போரில் இல்லை. சோனகத் தெருப் பிள்ளைகளுக்கு ஒஸ்மானியாக் கல்லூரி 1963இல்தான் வந்தது. அதற்கு முந்திய தலைமுறை வைத்தீஸ்வராவுக்கும் இந்துக் கல்லூரிக்கும் போனது. ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் படித்ததும் அந்த இரண்டிலும்தான். எங்களுக்கு ஜின்னா மைதானமும் காற்பந்தும் இருந்தன. ஆனால் மார்ச் மாதம் வந்தால் எங்கள் தெருவும் இரண்டாகப் பிரிந்துவிடும். வாப்பாவின் இரும்புக் கடைக்கு எந்தக் கல்லூரி வாத்தியார் அதிகம் வருகிறாரோ, அந்தக் கல்லூரிதான் எங்கள் கட்சி. எங்களுக்கு அணி இல்லை, கட்சி இருந்தது. ஆடாதவனுக்குத்தானே நாக்கு நீளம்!

என் நண்பனின் தகப்பனாருக்கு வாப்பாவின் கடையிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு கடை. அவன் இந்து, நான் முஸ்லிம். ஒழுங்கைக்குள் மென்பந்து ஆடி வளர்ந்தவர்கள். அவன் அடித்த பந்தை எத்தனை வீட்டுக் கூரையில் ஏறி நான் எடுத்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பிறகு அவன் கடினப்பந்துக்குப் போனான். அவனுடைய கல்லூரி அணியில் ஆரம்பத் துடுப்பாட்டக்காரனானான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பிக் மட்ச். அவன் அறுபதுக்கு மேல் எடுத்து நின்றுகொண்டிருந்தான். வெல்வதற்கு இன்னும் பதினொரு ஓட்டம். கையில் மூன்று விக்கெட். வெயில் சாய்ந்துவிட்டது. நான் மதிலில் குந்தியிருந்தேன்.

அவன் இறங்கி வந்து ஒரு பந்தைத் தூக்கி அடித்தான். பந்து உயர்ந்தது. எல்லைக்கோட்டுக்கு இரண்டு யார் உள்ளே நின்ற பையன் பிடித்துக்கொண்டான். மற்ற இரண்டு பேரும் நாலு ஓட்டத்துக்குள் போனார்கள். ஆறு ஓட்டத்தால் தோல்வி.

அடுத்த நாள் காலையில் ஐந்து சந்தியில் ஒரு தேநீர்க் கடை வாசலில் அவன் கதைதான். 'அவசரக் குடுக்கை', 'நெஞ்சுரம் இல்லை', 'ஒவ்வொண்டாத் தட்டியிருந்தா வெண்டிருக்கலாம்.' எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அவன் சைக்கிளில் வருவதைக் கண்டதும், "இந்தா, பதினொண்டு வருது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நண்பனும் சிரித்தான். அன்றோடு அவன் பெயர் பதினொண்டு ஆயிற்று. பள்ளிக்கூடத்தில், கடையில், சந்தையில், பிறகு அவன் வேலை பார்த்த இடத்தில்கூட. பெயரை வைத்தது நான்தான் என்பது நாளடைவில் மறந்துபோனது. எனக்கும் அது மறந்துபோயிருந்தது என்பதுதான் வெட்கம்.

1986 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. ஷார்ஜாவில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இறுதி ஆட்டம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கூட்டமாகக் கூடியிருந்தோம். அவனும் வந்திருந்தான். கடைசிப் பந்தில் நாலு ஓட்டம் தேவை. சேத்தன் சர்மா வீசிய முழுநீளப் பந்தை ஜாவித் மியண்டாட் ஆறாக அடித்தார். வீடு அதிர்ந்தது. யார் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்றே தெரியவில்லை. சத்தம் அடங்கிய பிறகு அவன் என் காதருகே சொன்னான்:

"மச்சான், அந்தப் பெடியன் பாவமடா. இனி அவனை ஒருத்தரும் விடாயினம்."

சர்மாவுக்கு அப்போது இருபது வயது. அடுத்த வருடமே, 1987 உலகக் கிண்ணத்தில், நியூசிலாந்துக்கு எதிராக நாக்பூரில் மூன்று பேரை அடுத்தடுத்த பந்துகளில் வீழ்த்தினார். உலகக் கிண்ண வரலாற்றிலேயே முதலாவது ஹற்றிக் அது. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது அந்த ஒரு பந்துதான். பிரேசிலின் கோல்காப்பாளர் பார்போசாவுக்கும் இதே கதிதான். 1950இல் உருகுவேயிடம் வாங்கிய ஒரு கோலுக்காக, 2000இல் மௌத்தாகும் வரைக்கும் ஐம்பது வருடம் அந்த நாடு அவரைக் குற்றவாளியாக வைத்திருந்தது. நண்பன் சொன்னது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. மியண்டாடின் வெற்றியைத்தான் நான் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

பிறகு 1990 ஒக்டோபர் 30.

அந்த நாளைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடுதலைப் புலிகளின் ஒலிபெருக்கி வீதி வீதியாக வந்து ஒஸ்மானியாவுக்கும் ஜின்னா மைதானத்துக்கும் கூப்பிட்டது. இரண்டு மணித்தியாலம் என்றார்கள். காற்பந்து ஆடிய மைதானத்தில் நின்றபடி ஊரைவிட்டுப் போகச் சொன்னதைக் கேட்டோம். நான் எழுத வேண்டியது என் வீட்டுக்குள் நடந்ததை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளை. மதிலில் குந்தியிருந்து எத்தனை பேருக்கு 'நெஞ்சுரம் இல்லை' என்று தீர்ப்புச் சொன்னவன். அன்றைக்கு எனக்குக் கை ஓடவில்லை. உம்மா ஓடி ஓடிச் சாமான்களைச் சேர்த்தார். ராத்தா பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றினார். நான் நடுவீட்டில் நின்றேன். உம்மா, "வாப்பாட மருந்த எடு மகன்" என்று சொன்னது காதில் விழுந்தது. "ஓம்" என்றேன். எடுத்து வந்தது சைக்கிள் பம்மை. சைக்கிளையே கொண்டுபோக முடியாதென்று தெரிந்தும் பம்மைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். வாப்பாவின் தொய்வு மருந்து ஜன்னல் கட்டில் இருந்தது. எந்த இடத்தில் இருந்தது என்பது இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது.

வழிநெடுக வாப்பாவுக்கு மூச்சு இழுத்தது. லொறியில் ஏறினோம், இறங்கினோம், நடந்தோம், மழையில் நனைந்தோம். ஒவ்வொரு இழுப்புக்கும் நான் செத்துப் பிழைத்தேன். அல்லாஹ்வின் கிருபையால் புத்தளம் வந்து சேர்ந்தார். அதன்பிறகு இரண்டு வருடம் ஹயாத்தாக இருந்தார். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் நானாகவே சொன்னபோது, "ரெண்டு மணித்தியாலத்தில என்னத்த மகன் யோசிக்கிறது?" என்றார். அவ்வளவுதான். யாரும் எனக்குப் 'பம்' என்று பெயர் வைக்கவில்லை.

அந்த நாளில் இன்னொன்றும் நடந்தது. நாங்கள் வெளிக்கிட்டபோது ஒழுங்கை முடக்கில் நண்பன் நின்றான். ஆயுதத்தோடு நின்றவர்களுக்கும் அவனுக்கும் இடையில் இருபது யார் இருக்கும். என்னைப் பார்த்தான். கிட்ட வரவில்லை. கை காட்டவுமில்லை. நாங்கள் திரும்பும் வரைக்கும் அப்படியே நின்றான்.

புத்தளத்து முகாமில் மின்சாரம் இல்லாத இரவுகளில் எங்களுக்குப் பொழுதுபோக்கு பழைய மட்சுகள்தான். ஓலைக் கொட்டிலுக்கு முன்னால் பாயைப் போட்டுக்கொண்டு, எந்த வருடம் யார் எத்தனை அடித்தான், எந்தப் பிடி தவறியது என்று சண்டை பிடிப்போம். ஊரிலே மத்திய கல்லூரிப் பக்கம் எட்டிப் பாராதவர்களும் சண்டையில் சேர்ந்துகொள்வார்கள். வெளியிலிருந்து பார்த்தவனுக்குப் பைத்தியம் என்று தோன்றியிருக்கும். வீடு போயிற்று, கடை போயிற்று, இவன்களுக்குக் கிரிக்கெட்டா என்று. ஆனால் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் கஸ்தூரியார் வீதியையும் அழாமல் வாயால் சொல்ல எங்களுக்கு இருந்த ஒரே வழி அந்தச் சண்டைதான்.

அப்படி ஓர் இரவில் நண்பனின் கதை வந்தது. "எங்கட பதினொண்டு அண்டைக்கு உங்களைப் பாக்க வரேல்லையோ?" என்று ஒருவர் கேட்டார். நான் சொன்னேன்: "அவன் எப்ப நிண்டு பிடிச்சவன்? மட்சிலயும் இல்ல, அண்டைக்கும் இல்ல."

எல்லோரும் 'ஓம், ஓம்' என்றார்கள். இரண்டாவது தீர்ப்பையும் நான்தான் சொன்னேன். ஜன்னல் கட்டில் மருந்தை விட்டுவந்தவன் சொன்னான்.

ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு முகாம் பள்ளியில் மௌலவி ஒருவர் ஸூரத்துல் ஹுஜுராத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிற வசனம். அவர்கள் உங்களைவிடச் சிறந்தவர்களாக இருக்கலாம் என்று எச்சரிக்கிற வசனம். எத்தனையோ தரம் ஓதியதுதான். அன்றைக்கு மௌலவி வசனத்தின் இலக்கத்தையும் சொன்னார். நாற்பத்தொன்பதாம் அத்தியாயம், பதினோராம் வசனம். பதினொண்டு! எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. இலக்கத்தில் ஒன்றுமில்லை என்று அறிவு சொன்னது. ஆனால் மனசு கேட்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பெயரை வைத்தவன் நான் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

2002இல் யுத்தநிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு ஏ9 பாதை திறந்தது. முதல் பயணத்தில் எங்கள் வீட்டைப் பார்த்தேன். கூரை இல்லை, ஜன்னல் இல்லை, கட்டு மட்டும் இருந்தது. பிறகு அவனைத் தேடிப் போனேன். தலை நரைத்திருந்தான். அவன் மனைவி தேநீர் கொண்டுவந்தார். வெகுநேரம் இருவரும் பிள்ளைகளைப் பற்றியே கதைத்தோம். அவர் உள்ளே போனதும் அவனாகத் தொடங்கினான்.

"நான் அண்டைக்கு வந்திருக்கலாம் மச்சான். கால் வரேல்லை."

எத்தனை வருடமாக அந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தானோ தெரியாது. நான் பம்மையும் மருந்தையும் பற்றிச் சொன்னேன். வாப்பாவுக்கு இழுத்ததைச் சொன்னேன்.

"எனக்குக் கை வரேல்லையடா" என்றேன்.

அதற்குப் பிறகு முகாமில் நான் சொன்ன தீர்ப்பையும் சொல்லிவிட்டேன். மறைத்தால் மன்னிப்புக் கேட்டதாக ஆகாது. அவன் முகம் கொஞ்சம் மாறியது. பேசவில்லை. பிறகு பெயர் வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டபோதுதான் சிரித்தான். "நீதான் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நான் முன்னாலதானே சைக்கிளிலை வந்தனான்."

அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தப் பந்தைப் பற்றி அவனிடம் கேட்டேன். இருபது வருடமாக அதைப் பற்றி ஊரெல்லாம் பேசியிருக்கிறோம். அவனிடம் யாரும் கேட்டதில்லை. அவன் சொன்னது இதுதான்: வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மறுமுனையில் நின்றவன் ஒன்பதாவதாக இறங்கிய பந்துவீச்சாளன். 'எனக்குப் பந்து தெரியேல்லை' என்று அவன் வந்து சொல்லிவிட்டான். ஒவ்வொன்றாகத் தட்டினால் பாதிப் பந்துகளை அவனே ஆட வேண்டிவரும். அதனால் தன் முனைக்கு வரும் பந்துகளில் இரண்டு பெரிய அடி அடித்து முடித்துவிடுவது என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். முதல் அடியே இரண்டு யார் குறைந்துபோனது.

"இரண்டு யார் கூடப் போயிருந்தால் நான் சிங்கம். அடி ஒண்டுதான் மச்சான். கணக்கும் ஒண்டுதான்."

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அழுத்தத்தைத் தாங்கினான், தாங்கவில்லை என்று நாம் சொல்கிறபோது ஆளின் மனசைப் பார்த்தா சொல்கிறோம்? முடிவைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற மனசை அவனுக்குள் வைக்கிறோம். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் 'துணிவு', தாண்டாவிட்டால் 'அவசரம்'. பந்து வரும்போது அவன் எதைப் பார்த்தான், எதிர்முனையில் யார் நின்றான், முந்திய நாள் இரவு நித்திரை கொண்டானா, ஒன்றும் நமக்குத் தெரியாது. வயது பதினெட்டு என்பது தெரியும். அதையும் மறந்துவிடுகிறோம். ஆனால் அழுத்தம் என்று ஒன்று இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். இருக்கிறது. கையைக் கட்டுகிறது, காலைப் பிடிக்கிறது. எனக்குத் தெரியும். ஒருநாள் கட்டிய கை எல்லா நாளும் கட்டும் என்பதுதான் பொய். புத்தளத்தில் நான் மேசன்மாருக்குக் கையாளாக நின்று ராத்தாவின் பிள்ளைகளைப் படிப்பித்தேன். நண்பன் யுத்தத்தின் மிகக் கொடிய வருடங்களில் படுக்கையில் கிடந்த தாயை விட்டு ஒரு நாளும் அகலவில்லை. இடப்பெயர்வின்போதும் தூக்கிக்கொண்டு போனான். அதற்கு யாரும் அவனுக்குப் பட்டம் கொடுக்கவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு வேறுவிதமான சுமை. மத்திய கல்லூரியின் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக முதன்முதலாக இறங்கினார். பத்தொன்பது வயதை எட்டும் நேரம். அவர் வீழ்த்திய முதல் விக்கெட் அஞ்சலோ மெத்யூஸ். 2024இல் ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணிக்கும் ஆடினார். அன்றைக்கு யாழ்ப்பாணமே திரைக்கு முன்னால் இருந்தது. ஊருக்குப் பெருமைதான், மாஷா அல்லாஹ். ஆனால் ஒரு பையன் பந்தைக் கையில் எடுக்கும்போது ஓர் ஊரே அவன் தோளில் ஏறி உட்காருகிறது. ஒரு ஓவர் பிழைத்தால் அந்த ஊர் தோளிலிருந்து இறங்கி மதிலில் ஏறிவிடும்.

மறுபடி அந்த மதிலோரத்துக்கு வருகிறேன். வழக்கு முற்றிக்கொண்டிருந்தது. கனடாக்காரர், "அவனுக்கு இதயம் இல்லை" என்றார். ஆசிரியர் குடையைத் தரையில் குத்தி, "தேத்தண்ணிக்குப் பிறகு பந்து கீழ நிண்டுது. அதை ஆராவது கவனிச்சனியளே?" என்று கேட்டார். அப்போதுதான் என் நண்பன் வாய் திறந்தான். பையனுக்காகப் பரிந்து பேசப்போகிறான், தன் கதையைச் சொல்லி எல்லோரையும் வாயடைக்கப்போகிறான் என்று நான் நினைத்தேன்.

"இல்லை மாஸ்டர்" என்றான் அவன். "பந்து கீழ நிண்டது உண்மை. ஆனால் அந்தப் பந்துக்கு அவன் முன்கால் வைச்சிருக்கோணும். பின்கால்லை போனது பிழை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் மதிலோரத்துக்காரன்தானே! கால் மணித்தியாலம் ஆசிரியரோடு மல்லுக்கட்டினான். காலைத் தூக்கி வைத்துக் காட்டினான். குடையை வாங்கித் துடுப்பாகப் பிடித்துக் காட்டினான். அந்தப் பிழை, இந்தப் பிழை என்றான். ஆனால் ஒரு தரமாவது 'அவன்ரை நெஞ்சு' என்று சொல்லவில்லை. அவன் பேசியது முழுக்கக் காலைப் பற்றி, பந்தைப் பற்றி, தரையைப் பற்றி. அப்படியும் பேசலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சண்டை பிடிக்கலாம், நன்றாகவே பிடிக்கலாம். ஆளைக் கொல்லத் தேவையில்லை.

ஆட்டம் முடிந்து, அஸர் தவறிவிடுமே என்று அவசரமாக நடந்துகொண்டிருந்தேன். கஸ்தூரியார் வீதியில் அவன் என்னோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.

"அந்தப் பெடியனுக்கு ஏதும் பேர் வைச்சிட்டாங்களே?" என்று கேட்டான்.

"நான் நிண்ட வரைக்கும் இல்லை."

"அப்ப பறவாயில்லை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.